2013 மாடல் டஸ்டருக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 48,000 ரூபாய், வீட்டுச் செலவு 32,000. ஃபிக்ஸட் டெபாசிட்டில் 3 லட்சம் இருக்கிறது. அதைத் தொடாமல் 90,000 தனியாகச் சேர்த்திருக்கிறேன். 2013 நவம்பரில் பதிவான ரெனால்ட் டஸ்டர் 110 பிஎஸ் டீசல் ஒன்று 3.40 லட்சத்துக்கு வருகிறது. 1,18,000 கி.மீ. ஓடிய வண்டி, இரண்டாவது ஓனர். மீதி 2.5 லட்சத்துக்கு மூன்று வருட பைனான்ஸ், 9 சதவீத வட்டி என்கிறார்கள். மாதம் 600 கி.மீ. ஓட்டுவேன். பாதி ஊருக்குள், பாதி பெற்றோரைப் பார்க்கத் தேனிக்கு. அப்பாவுக்கு முழங்கால் வலி, உயரமான வண்டி என்றால் அவர் ஏறி இறங்க வசதி. வாங்கலாமா?

பதில்: இந்த விலைக்கு, இந்தக் கடனோடு வாங்க வேண்டாம். டஸ்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் முழங்காலை நினைத்து நீங்கள் தேடும் வண்டி அது. அதைக் கடன் இல்லாமல் எப்படி வாங்குவது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் அந்த 9 சதவீதம். அது ஃபிளாட் வட்டியா என்று கேட்டுப் பாருங்கள். இவ்வளவு பழைய வண்டிக்கு பைனான்ஸில் 9 சதவீதம் என்றால் பெரும்பாலும் ஃபிளாட்தான். அசல் மாதாமாதம் குறைந்தாலும் மூன்று வருடமும் முழு 2.5 லட்சத்துக்கே வட்டி போடுவார்கள். வட்டி மட்டும் 67,500, மாதத் தவணை 8,819 ரூபாய். குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் இது 16 சதவீதத்துக்கும் மேல்.

இப்போது மாதக் கணக்கு. தவணை 8,819. லிட்டருக்கு 15 கி.மீ., டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் 600 கி.மீ.க்கு 3,680. இன்சூரன்ஸ் வருடம் சுமார் 9,000, மாதத்துக்கு 750. ஆயில், ஃபில்டர் போன்ற வழக்கமான சர்வீஸுக்கு 1,000. பழுதுக்கென்று ஒதுக்க வேண்டியது முதல் இரண்டு வருடமாவது மாதம் 5,000. எல்லாம் சேர்த்து 19,000க்கு மேல் வருகிறது. உங்கள் சம்பளத்தில் மிஞ்சுவது 16,000தான். வண்டி வீட்டுக்கு வந்த முதல் மாதமே கணக்கு இடிக்கும்.

பழுதுக்கு 5,000 அதிகம் என்று தோன்றலாம். டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் உழைப்பாளி, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நிறைய ஓடும். ஆனால் அதில் வால்வையும் பிஸ்டனையும் நேரம் தவறாமல் ஒத்து இயங்க வைப்பது டைமிங் பெல்ட் என்ற பட்டை. குறிப்பிட்ட கிலோமீட்டர் அல்லது குறிப்பிட்ட வருடம், எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்றியாக வேண்டும். ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினைப் பிரிக்க வேண்டி வரும், செலவு லட்சத்தைத் தொடலாம். 1,18,000 கி.மீ. ஓடிய வண்டியில் பெல்ட் மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. 'மாத்தியாச்சு சார்' என்ற வாய் வார்த்தை போதாது. பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, வாங்கிய வாரமே பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். பம்ப்பை ஓட்டுவதும் அதே பெல்ட்தான். 15,000 முதல் 20,000 வரை ஒதுக்குங்கள், அதை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

அடுத்தது கிளட்ச். 110 பிஎஸ் மாடலில் கிளட்ச் தட்டோடு வேலை முடியாமல் போகலாம். கிளட்ச் பொருந்தியிருக்கும் ஃபிளைவீல் சக்கரமும் தேய்ந்திருந்தால் பில் 50,000 பக்கம் போகும். கிளட்ச் மிதி கனமாக இருக்கிறதா, ஐடிலில் நிற்கும்போது அடியில் கடகடவென்று சத்தம் வருகிறதா, மேட்டில் இழுக்கும்போது எஞ்சின் மட்டும் இரைந்து வேகம் ஏறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஊருக்குள் குறைந்த தூரமே ஓடிய டீசல் வண்டியில், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு கரி பிடித்திருக்கும். டர்போ, இன்ஜெக்டர் இரண்டும் விலை கூடிய சாமான்கள். ஏசியை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். கூலிங் காயில் ஒழுகினால் டேஷ்போர்டைக் கழற்றித்தான் வேலை செய்ய வேண்டும், சாமானைவிடக் கூலி வலிக்கும். டயர் நான்கும் மாற்ற 30,000 ஆகும் என்பதையும் மறக்க வேண்டாம். நான் சொல்லும் தொகைகள் உத்தேசம்தான், உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

டஸ்டர் சென்னைக்குப் பக்கத்தில் நம் ஒரகடத்தில் உருவான வண்டி. 2020இல் டீசலையும் 2022இல் அந்தத் தலைமுறை டஸ்டரையே இங்கே நிறுத்திவிட்டார்கள். சர்வீஸ் சாமான் இன்னும் கிடைக்கிறது. ஆனால் சில பாகங்களுக்குக் காத்திருக்க நேரிடலாம், அந்த நாட்களில் வண்டி ஷெட்டில்தான் நிற்கும்.

பேப்பர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வண்டியின் ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, 2028 நவம்பரில் முடியும். அதன் பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கு அந்தக் கட்டணம் 5,000, தமிழ்நாட்டின் பசுமை வரி தனி. அந்தத் தேதி நெருங்க நெருங்க மறுவிற்பனை விலை இறங்கும், உங்கள் கடனோ அப்போதும் பாக்கி இருக்கலாம். அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுக் கடன் பதிவு, அபராதம், இன்சூரன்ஸ் எல்லாம் பார்த்துவிடுங்கள். பழைய கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35ம் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

டெல்லி வண்டி 2 லட்சத்துக்கே கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு டெல்லி வட்டாரத்தில் வந்த தடையால்தான் அந்த விலை. இங்கே கொண்டுவந்து ஆயுள் வரி கட்டி மறுபதிவு செய்து முடிக்கும்போது அந்த லாபத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். அலைச்சல் வேறு.

இன்சூரன்ஸில் ஒரு சின்ன ஆறுதல். இந்த எஞ்சின் 1,461 சிசி என்பதால் மூன்றாம் நபர் பிரீமியம் 3,416 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். 1,500 சிசிக்கு மேல் போனால் அதுவே 7,897. பெயர் மாற்றியதும் 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இழப்பீடு கேட்காத வருடங்களுக்குப் பழைய ஓனருக்குக் கிடைத்த பிரீமியம் தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) உங்களுக்கு வராது.

சரி, வழி என்ன? உங்கள் ஆறு மாத வீட்டுச் செலவு 1.92 லட்சம். அப்பாவின் உடல்நிலையைப் பார்த்தால் அதில் கைவைக்கவே கூடாது. டெபாசிட்டில் அது போக மிஞ்சுவது 1.08 லட்சம். மாதத் தவணையாகக் கொடுக்கத் துணிந்த தொகையை, 9,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்து மாதம் ரெக்கரிங் டெபாசிட்டில் போடுங்கள். அதில் 90,000, ஏற்கெனவே கையில் இருக்கும் 90,000, டெபாசிட்டின் 1.08 லட்சம் எல்லாம் சேர்த்து 2.88 லட்சம் ஆகிவிடும். அப்போது 2.25 லட்சத்துக்குள் ஒரு வண்டியை ரொக்கமாக வாங்குங்கள், மீதி 63,000 முழுக்க பழுதுக்கு. தவணை இல்லாததால் மாதச் செலவு 10,500க்குள் நிற்கும், சம்பளத்திலும் கொஞ்சம் மிஞ்சும்.

அந்த விலைக்கு நல்ல டஸ்டர் அகப்படாவிட்டால், இருக்கை சற்று உயரமாக உள்ள வேகன்ஆர் மாதிரி பெட்ரோல் வண்டியில் அப்பாவை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். நீங்கள் ஓட்டும் 600 கி.மீ.க்கு டீசல்தான் வேண்டும் என்ற அவசியம் இல்லை. எந்த வண்டியானாலும் விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை, கோளாறு காட்டும் ஸ்கேனர் கருவியோடு அழைத்துப் போங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் முதல் ஸ்டார்ட் நீங்களே கொடுங்கள். அவருக்குக் கொடுக்கும் 1,500, 2,000 ரூபாய்க்கு யோசிக்காதீர்கள்.