எம்.பி. இறந்து ஏழு மாதம்: இடைத்தேர்தல் எங்கே?

கேள்வி: எங்கள் தொகுதி எம்.பி. காலமாகி ஏழு மாதம் ஆகிறது. ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடந்தே தீரும் என்றார்கள். அறிவிப்பையே காணோம். இதற்கிடையே ஊர்ப் பிரமுகர் ஒருவர், ஹைகோர்ட்டில் ரிட் போட்டால் போன தேர்தலில் இரண்டாவதாக வந்தவரையே எம்.பி. ஆக்கிவிடலாம் என்று சொல்லி வீட்டுக்கு ஐநூறு ரூபாய் வசூலிக்கிறார். கொடுக்கலாமா? எங்களுக்குத் தேர்தல் வருமா, வராதா?

பதில் (தேர்தல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்):

முதலில் அந்த ஐநூறு ரூபாயைக் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் ரசீது கேளுங்கள். ரசீது கேட்டதும் பாதிப் பேர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள்.

எம்.பி. இறந்தால் இரண்டாம் இடம் வந்தவருக்குப் பதவி என்ற முறை நம் மக்களவைக்குக் கிடையவே கிடையாது. தோற்றவர் எம்.பி. ஆக ஒரே வழி தேர்தல் வழக்கு. முடிவு வந்த 45 நாளுக்குள் அதை ஹைகோர்ட்டில் போட்டிருக்க வேண்டும். வென்றவரின் வெற்றி செல்லாது என்று காட்டினால் போதாது. செல்லத்தக்க வாக்குகளில் தனக்கே பெரும்பான்மை கிடைத்தது, அல்லது முறைகேடு நடக்காமலிருந்தால் கிடைத்திருக்கும் என்றும் நிரூபிக்க வேண்டும். அந்த 45 நாள் எப்போதோ முடிந்துவிட்டது. உங்கள் பிரமுகர் இப்போது எந்தக் காகிதத்தைப் போட்டாலும் அது தேர்தல் வழக்காகாது. ஒவ்வொரு இடம் காலியாகும்போதும் இதே கதையோடு யாராவது ஒருவர் கிளம்பிவிடுகிறார்.

சரி, தேர்தல் விஷயத்துக்கு வருவோம். ஆறு மாதக் கெடு உண்மைதான். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 151ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. இடம் காலியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது. இறப்பு என்றால் இறந்த தேதிதான் கணக்கு, அரசிதழில் வந்த தேதி அல்ல. ஆனால் அதே பிரிவில் இரண்டு கதவுகள் திறந்தே இருக்கின்றன. ஒன்று, மீதிப் பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் தேர்தல் கட்டாயமில்லை. மற்றொன்று, குறித்த காலத்தில் நடத்துவது கடினம் என்று மத்திய அரசைக் கலந்து தேர்தல் ஆணையம் சான்றளித்தால் தள்ளிப்போகலாம்.

இந்த ஓராண்டுக் கணக்கில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள், டிவி விவாதக்காரர்கள் உட்பட. ஓராண்டை எங்கிருந்து எண்ணுவது? இன்றிலிருந்தா, வாக்குப்பதிவு நாளிலிருந்தா? இரண்டும் இல்லை, இடம் காலியான நாளிலிருந்து. மகாராஷ்டிரத்தின் பண்டாரா-கோண்டியா மக்களவைத் தொகுதி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. உதாரணத்துக்கு இப்போதைய மக்களவையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூன் 24 அன்று முதலில் கூடியது, முழுதாக ஓடினால் 2029 ஜூன் கடைசி வாரம் வரை. ஓர் உறுப்பினர் 2028 மே மாதம் இறந்தால் மீதி பதிமூன்று மாதம், தேர்தல் நடத்த வேண்டும். ஜூலையில் இறந்தால் பதினொன்று சொச்சம், நடத்த வேண்டியதில்லை. மே மாத இடத்துக்கு நவம்பரில் ஒருவர் ஜெயித்து வந்தால் ஏழு மாதம்தானே இருப்பார், அதற்கு இவ்வளவு செலவா என்று கேட்பார்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை. ஆகவே உங்கள் எம்.பி. இறந்த தேதிக்கும் 2029 ஜூன் கடைசிக்கும் நடுவே எத்தனை மாதம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அந்த இரண்டாவது கதவு இருக்கிறதே, அதுதான் என் பொறுமையைச் சோதிப்பது. புனே எம்.பி. கிரிஷ் பாபட் 2023 மார்ச் 29 அன்று இறந்தார். அந்த மக்களவைக்கு 2024 ஜூன் நடுப்பகுதி வரை காலம் இருந்தது. பொதுத்தேர்தல் வேலை இருக்கிறது, வருபவருக்குச் சில மாதமே கிடைக்கும் என்று காரணம் சொல்லி ஆணையம் தேர்தல் நடத்தவில்லை. டிசம்பரில் பம்பாய் ஹைகோர்ட் உடனே நடத்தச் சொன்னது. ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. புனேக்காரர்கள் எம்.பி. இல்லாமலேயே பொதுத்தேர்தலுக்குப் போனார்கள். அதே 2023இல் லட்சத்தீவில் நடந்ததைப் பாருங்கள். ஜனவரி 11 அன்று எம்.பி.க்குக் குற்ற வழக்கில் தண்டனை, அதனால் பதவி போனது, 18ஆம் தேதியே இடைத்தேர்தல் அறிவிப்பு. கேரள ஹைகோர்ட் தண்டனையை நிறுத்தியதால்தான் அது நின்றது. ஆக, மனது வைத்தால் ஆணையத்துக்கு ஒரு வாரம் போதும். நம் கன்னியாகுமரியில் வசந்தகுமார் 2020 ஆகஸ்ட் 28 அன்று மறைந்தார், வாக்குப்பதிவு 2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தலோடு சேர்த்து. கொரோனா காலம், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

சட்டப்புத்தகத்தைத் திறந்தாலும் கண்ணில் படாத இன்னொரு காரணமும் உண்டு. இறந்த எம்.பி.யின் வெற்றியை எதிர்த்துத் தேர்தல் வழக்கு நிலுவையில் இருந்தால் ஆணையம் காத்திருக்கும். எதிராளியே வென்றவர் என்று தீர்ப்பு வந்துவிட்டால் என்ன செய்வது? மேற்கு வங்கத்தின் பசிர்ஹாட் எம்.பி. 2024 செப்டம்பரில் இறந்தார். அதற்கு முந்தைய மாதம்தான் நாந்தேடு எம்.பி. இறந்திருந்தார். அக்டோபரில் வயநாட்டுக்கும் நாந்தேடுக்கும் தேதி வந்தது, பசிர்ஹாட்டுக்கு வரவில்லை, வழக்கு நிலுவை என்றார்கள். தேர்தல் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்த ஆறு மாதத்தை யார் எண்ணுகிறார்கள்?

(எம்.பி. கட்சி மாறினால் என்ன ஆகும் என்று அடுத்து கேட்பீர்கள். சபாநாயகர் முடிவு செய்ய வேண்டும், கெடு எதுவும் சட்டத்தில் இல்லை. அதை எழுத ஆரம்பித்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும், விடுங்கள்.)

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இந்தியத் தேர்தல் ஆணையத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். மூன்றே விஷயம் கேளுங்கள்: தொகுதி காலியானதாகப் பதிவான தேதி, 151ஏ பிரிவில் சான்று வழங்கப்பட்டிருந்தால் அதன் நகல், தேர்தல் வழக்கு நிலுவையில் இருக்கிறதா. ‘ஏன் நடத்தவில்லை’ என்று கேட்காதீர்கள், கருத்து சொல்ல இயலாது என்று ஒற்றை வரியில் மூடிவிடுவார்கள். வழக்கும் இல்லை, சான்றும் இல்லை, மீதி ஓராண்டுக்கு மேல் என்றால் அப்போது ஹைகோர்ட்டுக்குப் போக முகாந்திரம் உண்டு. புனேயில் போனது ஒரே ஒரு வாக்காளர்தான், தொகுதி முழுக்க உண்டியல் குலுக்கவில்லை.

இன்னொரு கூட்டமும் வரும். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க இருநூறு கொடு, பழைய எம்.பி. ஆபீசில் ஆள் இருக்கிறார், கேந்திரிய வித்யாலயாவில் எம்.பி. கோட்டா சீட் வாங்கித் தருகிறேன் என்பார்கள். அந்தக் கோட்டா 2022லேயே ஒழிந்துவிட்டது. பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6க்குக் கட்டணமே இல்லை. வேட்புமனுவின் கடைசி நாளுக்கு மேல் அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் பெயர் சேர்க்க மாட்டார்கள் என்பதால், அறிவிப்பு வரும்வரை காத்திராமல் வீட்டில் பதினெட்டு முடிந்த பிள்ளைகள் இருந்தால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.