அஞ்சு கட்டை காலம் போச்சு: மலிவு டார்ச்சுகள் பற்றிக் கேள்வி பதில்

பட்டுக்கோட்டைப் பக்கம் சின்னதாக ஒரு எலெக்ட்ரிகல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது கடைக்கு வந்ததில் பாதி டார்ச் லைட்தான். எதெல்லாம் ஒரே வாரத்தில் செத்தது, எதெல்லாம் தாக்குப்பிடித்தது என்று அப்போது பார்த்தது மறக்கவில்லை. அதிலிருந்து மலிவு டார்ச் எது கண்ணில் பட்டாலும் வாங்கிப் பிரித்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. இதற்காக வீட்டில் திட்டு வாங்குவது தனிக்கதை.

போன மாதம் மூன்று வாங்கினேன். 18650 என்ற லித்தியம் செல் போடும் அலுமினியக் குழாய் டார்ச், 850 ரூபாய். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் பேட்டரி ஒன்றில் எரியும், தலையை முன்னும் பின்னும் நகர்த்தி வெளிச்சத்தைக் குவிக்கும் ஜூம் டார்ச், 180 ரூபாய். நேராகச் சுவர் பிளக்கில் செருகிச் சார்ஜ் போடும் பிளாஸ்டிக் டார்ச், 250 ரூபாய். மூன்றிலும் எல்இடிதான். இவற்றைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: பெட்டியைத் திறந்தவுடனே நல்லது கெட்டது தெரிந்துவிடுமா அண்ணே? எதைப் பார்ப்பீர்கள்?

பாதி தெரிந்துவிடும் தம்பி. எல்லோரும் முதலில் சுவிட்சைப் போட்டுச் சுவரில் அடித்துப் பார்ப்பார்கள். நான் முதலில் பின்மூடியைக் கழற்றுவேன்.

மரை எப்படி ஓடுகிறது என்று விரலுக்கே தெரியும். 850 ரூபாய் டார்ச்சில் மரை ஆழமாக வெட்டியிருந்தார்கள், லேசாக கிரீஸும் இருந்தது, நாலைந்து சுற்று வழுக்கிக்கொண்டு வந்தது. ஜூம் டார்ச்சில் மொத்தமே இரண்டு சுற்று. கழற்றும்போது மணலை அரைப்பது போல் கரகர என்றது, விரலில் கருப்பாக அலுமினியத் தூள் ஒட்டியது. பெரும்பாலான டார்ச்சுகளில் மின்சாரம் திரும்பிப் போகிற பாதை அந்த உடம்பும் மரையும்தான். அது தேய்ந்தால், தட்டினால்தான் எரியும் டார்ச் ஆகிவிடும்.

அடுத்தது ஸ்பிரிங். விரலால் நேராக அமுக்கிவிட வேண்டும். நல்லது நேராக எழும். மட்டமானது ஒரு பக்கம் சாய்ந்து படுத்துக்கொள்ளும். அப்புறம் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்து, எல்இடி ரிப்ளெக்டருக்கு நட்டநடுவில் இருக்கிறதா என்று கவனிப்பேன். ஒதுங்கியிருந்தால் சுவரில் வெளிச்சம் கோழிமுட்டை மாதிரி விழும். காதருகே வைத்து ஆட்டுவதும் உண்டு. ஜூம் டார்ச்சில் லொடலொட என்று சத்தம் வந்தது. பிரித்தால், எல்இடி உட்கார்ந்திருக்கும் தகட்டை எதிலுமே ஒட்டவில்லை! எல்இடியின் சூடு அந்தத் தகடு வழியாகத்தான் உடம்புக்கு இறங்க வேண்டும். இறங்க வழியில்லாவிட்டால் உள்ளேயே வெந்து, மாதம் போகப் போக மங்கிவிடும்.

கடைசியாக, இடுப்பு உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் ஒரு போடு. குழாய் டார்ச்சின் விளிம்பில் பல் பட்டது போல் ஒரு தழும்பு, அவ்வளவுதான், எரிந்துகொண்டே உருண்டது. ஜூம் டார்ச்சின் லென்ஸ் வளையம் கழன்று பெஞ்சுக்கடியில் போய்விட்டது. பிளாஸ்டிக் டார்ச்சைப் போடவில்லை. அதன் விதி வேறு, கீழே வருகிறது.

கேள்வி: ஆன்லைனில் 20,000 லூமென் என்று போட்டு 400 ரூபாய்க்கு விற்கிறார்கள். நம்பலாமா?

லூமென் என்பது டார்ச் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வாட்டுக்கு 130 லூமென் கொடுத்தாலே அது நல்ல எல்இடி. அப்படியென்றால் 20,000 லூமெனுக்கு 150 வாட்டாவது வேண்டும். அசல் 18650 செல் ஒன்றில், மிஞ்சிப் போனால் 3,500 எம்ஏஎச் (செல்லின் கொள்ளளவு), அதாவது ஏறக்குறைய 12 அல்லது 13 வாட்-மணி இருக்கும். 150 வாட் இழுத்தால் ஐந்து நிமிடத்தில் காலி. உண்மையில் அவ்வளவு வேகமாக இழுக்கவே ஒரு செல்லால் முடியாது. அந்த 150 வாட்டில் பாதிக்கு மேல் சூடாகத்தான் போகும். என் மேஜையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். மூன்று சால்டரிங் அயர்னைச் சேர்த்துக் கட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வயலுக்குப் போவீர்களா?

என்னுடைய குழாய் டார்ச்சில் 1,000 லூமென் என்று போட்டிருக்கிறது. அது நம்பக்கூடிய எண். ஆனால் முழு வெளிச்சத்தில் வைத்தால் சில நிமிடத்தில் உடம்பு சுட்டு, தானாகவே குறைந்துவிடும். அது கோளாறு இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அமெரிக்காவில் எஃப்எல் 1 என்று டார்ச்சுக்கென்றே ஓர் அளவுமுறை வைத்திருக்கிறார்கள். போட்ட உடனே அளக்காமல் 30 விநாடி கழித்து அளக்க வேண்டும். வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரைதான் எரியும் நேரம். பௌர்ணமி நிலா அளவுக்கு (0.25 லக்ஸ்) வெளிச்சம் விழும் இடம்வரைதான் தூரம். பெட்டியில் இந்த முறைப்படி அளந்ததாகப் போட்டிருந்தால் கொஞ்சம் நம்புவேன்.

வீட்டுக்குள் 20 முதல் 50 லூமென் போதும், வரப்பில் நடக்க 150 தாராளம். நம் அப்பா காலத்து இரண்டு கட்டை (தடித்த பெரிய பேட்டரி) டார்ச்சின் குண்டு பல்பு தந்தது ஏறக்குறைய பத்து லூமென்தான். அதை வைத்துத்தான் ஊரே நடந்தது.

கேள்வி: 9,900 எம்ஏஎச் 18650 செல் 90 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கட்டுமா?

வேண்டாம். 18650 என்றால் 18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம். அந்த அளவுக்குள் 9,900-ஐ அடைக்க யாராலும் முடியாது. மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராம் பக்கம் வரும். நான் ஏமாந்து வாங்கிய ஒன்று 28 கிராம்தான் இருந்தது. மேலுறையில் ஐஎஸ் 16046 என்ற நம் நாட்டுப் பதிவு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: பிளக்கில் செருகும் டார்ச் எது வாங்கினாலும் ஆறே மாதத்தில் போய்விடுகிறது. ஏன்?

அக்கா, என்னிடம் வருவதில் முக்கால்வாசி உங்கள் கேஸ்தான். அவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, பைக் பேட்டரியின் குட்டித் தம்பி. பட்டினி போட்டால் அதற்கு ஆகாது. கரண்ட் போன அன்று முழுக்க எரியவிட்டு, அப்படியே அலமாரியில் போட்டுவிடுகிறோம். உள்ளே ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். மூன்று மாதம் கழித்துச் செருகினால் சார்ஜ் ஏறாது. மாதம் ஒரு தடவை சார்ஜ் போட்டு வைத்தால் இரண்டு வருஷம் ஓடும். அதே சமயம் ராத்திரி முழுக்கச் செருகியே விட்டுவிடாதீர்கள். நிரம்பியதும் நிறுத்தும் ஏற்பாடு பலவற்றில் கிடையாது.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கேளுங்கள்: சுவரில் செருகியிருக்கும்போது எரியவிட்டுக் கையில் பிடிக்க வேண்டாம். செலவைக் குறைக்க உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதில்லை, ஒரு கப்பாசிட்டர்தான். வீட்டு மின்சாரத்துக்கும் உங்கள் கைக்கும் நடுவில் அந்த பிளாஸ்டிக் உறை மட்டும்தான் இருக்கிறது. அது விரிசல் விட்டிருந்தால் குப்பையில் போடுங்கள். நான்கூட ரிப்பேர் செய்து தர மாட்டேன்.

கேள்வி: ராத்திரி மோட்டார் போட வயலுக்குப் போகிறேன். ஆயிரம் ரூபாய்க்குள் எது வாங்கலாம்? (திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி)

உங்களுக்கு அந்த 18650 குழாய் டார்ச் மாதிரிதான் சரி ஐயா. செல்லைக் கழற்றி மாற்ற முடிகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். உள்ளேயே வைத்துச் சால்டர் அடித்ததை வாங்கினால், செல் போகும் அன்று டார்ச்சும் போகும்.

கடைக்காரர் “ஒரு கிலோமீட்டர் அடிக்கும் சார்” என்பார். வரப்பில் நடப்பவருக்கு அது எதற்கு? தூரத்துத் தென்னை மட்டை தெரியும், காலடியில் கிடப்பது தெரியாது. வெளிச்சம் நடுவில் கொஞ்சம் கூடுதலாகவும் சுற்றிலும் பரவலாகவும் விழ வேண்டும். ரிப்ளெக்டரின் உள்பக்கம் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாக இருந்தால் அப்படி விழும்.

வெளிச்சத்தின் நிறத்தையும் பாருங்கள். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடி, மேலே மஞ்சள் பாஸ்பர் பூச்சு. (அந்த நீலத்தைக் கண்டுபிடித்த ஜப்பானில் பிறந்த மூவருக்குத்தான் 2014-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள்.) மட்டமானவற்றில் நீலம் தூக்கலாக இருக்கும். கடையில் பார்க்கப் பளிச்சென்று தெரியும். ஆனால் வயலில் பழுப்பு, சிவப்பு, காய்ந்த சருகு எல்லாமே சாம்பலாகத் தெரியும். சருகுக்கு நடுவில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தால் பிரித்தறிவது கஷ்டம். கெல்வின் எண் கூடக் கூட வெளிச்சத்தில் நீலம் கூடும். பெட்டியில் 4,000 முதல் 5,000 கெல்வின் என்று போட்டதை எடுங்கள். 6,500-ம் அதற்கு மேலும் வேண்டாம்.

கேள்வி: டார்ச் வெளிச்சத்தைக் கண்டால் பாம்பு ஓடிவிடுமா?

ஓடாது. பாம்பு உங்களுக்குத் தெரியத்தான் டார்ச். காலை ஊன்றி, கம்பைத் தட்டிக்கொண்டு நடங்கள். அந்த அதிர்வுக்குத்தான் அது விலகும்.

கேள்வி: புது டார்ச்சில் டைப் சி ஓட்டை இருக்கிறது. என் போன் சார்ஜரில் போட்டால் ஏறவே இல்லை. டார்ச் ரிப்பேரா?

இருக்காது. இரண்டு முனையும் டைப் சி ஆன கேபிள் போட்டிருப்பீர்கள். அந்த மாதிரி சார்ஜர், எதிரே ஒரு சாதனம் இருக்கிறது என்ற அடையாளம் தெரிந்தால்தான் மின்சாரத்தைத் திறந்துவிடும். அந்த அடையாளத்துக்கு டார்ச்சுக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு வேண்டும். சில பைசா சமாச்சாரம், அதையும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பழைய அகலமான யுஎஸ்பி முனை கொண்ட சார்ஜரும் அதற்கான கேபிளும் போடுங்கள், ஏறும். என் 850 ரூபாய் டார்ச்சிலும் இதே கதைதான். மற்றதெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு இதில் கஞ்சத்தனம் செய்திருப்பதுதான் எரிச்சல்.

கேள்வி: மழையில் பிடிக்கலாமா?

பெட்டியில் ஐபிஎக்ஸ் என்று ஓர் எண் போட்டிருந்தால், அது தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு. ஐபிஎக்ஸ் 4 என்றால் மழைச் சாரல் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். எண் எதுவாக இருந்தாலும் மூடியின் மரைக்குப் பக்கத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜூம் டார்ச்சில் எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை. தலை முன்னும் பின்னும் நகரும்போது காற்றை உறிஞ்சுகிறது, தண்ணீரையும் அப்படியே உறிஞ்சும்.

கேள்வி: பென்சில் பேட்டரி உள்ளேயே கசிந்து வெள்ளையாகப் பூத்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியும். பேட்டரியில் ‘ஆல்கலைன்’ என்று போட்டிருந்தால் கசிந்தது காரம். காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்துத் துடைத்தால் நுரைத்துக் கரையும். சாதா மலிவு பேட்டரி என்றால் கசிவில் அமிலத் தன்மை இருக்கும், அதற்குச் சமையல் சோடாக் கரைசல். அப்புறம் ஈரத் துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டு, ஸ்பிரிங்கின் முனையைப் பென்சில் ரப்பரால் தேய்த்துவிடுங்கள். இதையெல்லாம் செய்யும்போது கண்ணில் கை வைக்க வேண்டாம். இனிமேல் மாதக்கணக்கில் எடுக்காத டார்ச்சில் பேட்டரியைப் போட்டு வைக்காதீர்கள்.

கேள்வி: துபாய்க்குப் போகும்போது 18650 டார்ச் எடுத்துப் போகலாமா?

தனியாக இருக்கும் லித்தியம் செல்லைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது. முனைகள் எதிலும் படாமல் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: தாத்தாவின் பித்தளை டார்ச், மூன்று கட்டை போடுவது, வீட்டில் இருக்கிறது. எல்இடி போட்டு எரிய வைக்க முடியுமா?

தாராளமாக. பழைய பல்பைக் கழற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். திருகு வகை, காலர் வகை இரண்டுக்குமே எல்இடி பல்பு வருகிறது. மூன்று கட்டைக்கு 4.5 வோல்ட் தாங்குவதாகக் கேட்டு வாங்குங்கள். குண்டு பல்புக்குக் கட்டையை எப்படிப் போட்டாலும் எரியும், எல்இடிக்கு அப்படி இல்லை. பல எல்இடி பல்புகள், கட்டையின் குமிழ் பக்கம் பல்பைப் பார்த்து இருந்தால்தான் எரியும். தாத்தா தலைகீழாகப் போட்டே பழகியிருப்பார், அதையே நீங்களும் செய்துவிட்டு பல்பு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். சுவிட்சுக்குக் கீழே ஒரு பித்தளைப் பட்டை ஓடும், அது பச்சையாகப் பூத்திருந்தால் உப்புத்தாள் வைத்து லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

அதற்கும் எரியவில்லை என்றால் கடைக்குக் கொண்டு வாருங்கள். காசு வேண்டாம், அந்தக் காலத்துப் பித்தளை மரையை ஒரு தடவை கழற்றிப் பார்க்க வேண்டும் எனக்கு.