இருபது பேர் பார்க்கும் டென்னிஸ்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பெங்களூரு கப்பன் பார்க்கில் இருக்கும் கர்நாடக டென்னிஸ் சங்க அரங்குக்குப் போனேன். பெண்களுக்கான ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) போட்டி, முதல் சுற்று. அனுமதி இலவசம். காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு கோர்ட்டில் என்னையும் சேர்த்து இருபது பேர் இருந்தால் அதிகம். டிவியில் பார்க்கும் டென்னிஸ் வேறு, இது வேறு என்று தோன்றியது. ஒவ்வொரு அடியின் சத்தமும் நெஞ்சில் விழுந்தது.

சில கேள்விகள். இந்தியப் பெண்ணை எதிர்த்து ஆடிய வெளிநாட்டுப் பெண்ணுக்கு நான் கைதட்டியதும் பக்கத்தில் இருந்தவர் முறைத்தார். அது தவறா? நம் கோவைப் பெண் மாயா ராஜேஷ்வரன் அடுத்த சானியா ஆவாரா? முக்கியமான கேள்வி இது: உலகத் தரவரிசையில் நானூறாவது, ஐந்நூறாவது இடத்தில் இருக்கும் இந்தப் பெண்கள் எதற்காக இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்? பையைத் தாங்களே தூக்கிக்கொண்டு, கூட ஒருவரும் இல்லாமல் வந்து, தோற்று, ஆட்டோ பிடித்துப் போகிறார்கள். பார்க்கப் பாவமாக இருந்தது. போதும் என்று யாராவது இவர்களிடம் சொல்ல வேண்டாமா?

இன்னொன்று. எனக்கு முன் வரிசையில் இருந்த ஒருவர் ஃபோனிலிருந்து கண்ணையே எடுக்கவில்லை. ஒரு பெண் டபுள் ஃபால்ட் செய்து (இரண்டு சர்வீஸும் தவறி) புள்ளியை இழந்ததும் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். ஏன் என்று புரியவில்லை.

அன்புடன்,
எஸ்., பெங்களூரு

*

அன்புள்ள எஸ்.,

வேலை நாளில் விடுப்பு எடுத்து, பெயர் தெரியாத பெண்கள் ஆடுவதைப் பார்க்கப் போயிருக்கிறீர்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே உங்களை எனக்குப் பிடித்துவிட்டது. அதனால் கொஞ்சம் திட்டவும் உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

கைதட்டுவதில் தவறே இல்லை. நல்ல அடிக்குக் கைதட்டினீர்கள். முறைத்தவர் முறைத்துக்கொள்ளட்டும்.

மாயாவை விட்டுவிடுங்கள். 2025 பிப்ரவரியில் மும்பை ஓபனில் தகுதிச்சுற்றிலிருந்து தொடங்கி அரையிறுதி வரை போனபோது அந்தப் பெண்ணுக்கு வயது 15. அந்த வயதில் நீங்களும் நானும் எதன் அரையிறுதியில் இருந்தோம்? அடுத்த சானியா யார் என்று தேடுவது நம் ஊரின் பழைய வியாதி. சானியா 2007இல் உலகின் 27ஆவது இடத்துக்கு வந்தார். அதற்குப் பிறகு ராக்கெட்டைத் தூக்கிய ஒவ்வொரு பெண்ணின் தலையிலும் அந்த எண்ணைக் கட்டி வைத்திருக்கிறோம். நம் இன்னொரு வீராங்கனை அங்கிதா ரைனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் ஒற்றையரில் 160ஆவது இடம் வரை வந்தவர். கிராண்ட் ஸ்லாம் தகுதிச்சுற்றுகளில் எத்தனையோ முறை ஆடியும் ஒற்றையர் பிரதானச் சுற்றுக்குள் நுழைய முடியவில்லை. அவரைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் நாக்கில் முதலில் வருவது அந்த முடியவில்லைதான். உலகத்தில் ஒரு வேலையை உங்களைவிட நன்றாகச் செய்பவர்கள் 159 பேர்தான் என்றால் நீங்கள் தெருவில் எப்படி நடப்பீர்கள்?

சரி, பாவம் என்ற பேச்சுக்கு வருகிறேன். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. சில நாட்களாகவே இந்தப் பெண்களை யார், எதற்காகப் பார்க்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் நேராக அதில் வந்து விழுந்தது.

முதலில் கணக்கு. நீங்கள் பார்த்த வகைப் போட்டிகளுக்கு டபிள்யூ-15, டபிள்யூ-35, டபிள்யூ-50 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பட்டம் வெல்பவருக்குக் கிடைக்கும் தரவரிசைப் புள்ளிகள்தான் அந்த எண். கிராண்ட் ஸ்லாம் வென்றால் 2000 புள்ளிகள். அடிமட்டமான டபிள்யூ-15இல் ஒரு வாரம் முழுக்க ஆடி ஐந்து பேரைத் தோற்கடித்தால் 15. அங்கே முதல் சுற்றில் தோற்றால் கையில் கிடைப்பது சுமார் 150 டாலர், அதிலும் வரி போகும். விமானச் செலவு, தங்கும் செலவு, ராக்கெட்டுக்கு நரம்பு மாற்றும் செலவு எல்லாம் அவர்களுடையது. அதே முதல் சுற்றில் 2025 ஆஸ்திரேலிய ஓபனில் தோற்றவருக்கு 1,32,000 ஆஸ்திரேலிய டாலர் கொடுத்தார்கள். ஐடிஎஃப் அமைப்பே 2013ஆம் ஆண்டுக் கணக்குகளை வைத்து ஓர் ஆய்வு செய்தது. பெண்கள் ஒற்றையரில் ஏறத்தாழ முதல் 250 இடங்களுக்குள் இருப்பவர்களுக்குத்தான் வரவும் செலவும் ஈடாகும் என்று அதில் தெரிந்தது. அந்தப் பெண்கள் தனியாக வருவதற்குக் காரணம் இதுதான். பயிற்சியாளரைக் கூட்டி வந்தால் இரண்டு டிக்கெட். இதையெல்லாம் அறிந்துதான் வருகிறார்கள். அவர்களுக்குத் தெரியாத எதையும் நீங்கள் போய்ச் சொல்லப்போவதில்லை.

இந்த இடத்தில் உங்களுக்கு ஆறுதலாக ஒரு கதையைச் சொல்லலாம். இந்தோனேஷியாவின் ஜேனிஸ் ஜென், கல்லூரி டென்னிஸ் முடித்துவிட்டு 2024இல் இப்படிப்பட்ட சிறு போட்டிகளில் ஆடத் தொடங்கியவர். 2025 அமெரிக்க ஓபனில் தகுதிச்சுற்று வழியாக உள்ளே வந்து, முதல் சுற்றில் முன்னணி வீராங்கனை வெரோனிகா குதெர்மெதோவாவைத் தோற்கடித்தார். அந்த ஆண்டே நம் நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓபன் பட்டத்தையும் வென்றார். பார்த்தீர்களா, இவர்களில் ஒருத்தி நாளை பெரிய ஆளாக வருவாள் என்று முடித்திருக்கலாம். நான் அப்படி முடிக்கப்போவதில்லை. அது லாட்டரிச் சீட்டு வாங்குபவனின் வாதம். ஒரு போட்டியில் ஆடும் முப்பத்திரண்டு பேரில் ஒருத்தி வருவாள் என்பதற்காக மற்ற முப்பத்தொரு பேரையும் பொறுத்துக்கொள்கிறோம் என்றாகிவிடும். அவர்களும் அன்று காலை ஆடினார்கள். அந்த ஆட்டம் எப்படி இருந்தது? நீளமான கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை, எஸ். பையைப் பற்றி எழுதினீர்கள், ஆட்டோவைப் பற்றி எழுதினீர்கள். எந்தப் பெண்ணின் பேக்ஹேண்ட் நன்றாக இருந்தது? யார் யாரை எப்படி வீழ்த்தினார்? காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்தவர் ஒரே ஒரு கேமையாவது சொல்லியிருக்கலாமே.

நான் புனேவில் வேலை பார்த்த காலத்தில் டிசம்பர் மாதங்களில் டெக்கான் ஜிம்கானா கிளப்புக்குப் போவேன். அங்கே நடக்கும் பெண்கள் போட்டிக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணம் போட்டு வருவது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. முட்டை விற்பவர்கள் பெண்கள் டென்னிஸை இத்தனை ஆண்டுகள் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். அதற்காகவே அவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஒரு காலை, குளிர் இன்னும் விடவில்லை. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, நம் நாட்டவள், ஃபோர்ஹேண்டைப் பிளந்துகட்டிக்கொண்டிருந்தாள். எதிரே முப்பதைத் தாண்டிய ஐரோப்பியப் பெண், தனியாக வந்தவர். முதல் செட் கண்மூடித் திறப்பதற்குள் சின்னவளுக்குப் போய்விட்டது. நான் எழுந்து அடுத்த கோர்ட்டுக்குப் போகப் பார்த்தேன். பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு மராத்தியப் பெரியவர், மடியில் நோட்டுப் புத்தகம், புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டிருந்தார். உட்காருங்கள், இப்போதுதான் ஆட்டம் தொடங்குகிறது என்றார். பந்தைப் பார்க்காதீர்கள், மூத்தவளின் காலைப் பாருங்கள் என்றும் சொன்னார்.

பார்த்தேன். சின்னவளின் இரண்டாவது சர்வீஸ் வரும்போது மூத்தவர் ஒரு எட்டு உள்ளே வந்து நிற்கத் தொடங்கியிருந்தார். வேகத்துக்கு வேகம் கொடுப்பதை நிறுத்திவிட்டார். தாழ்வான ஸ்லைஸ் (பந்தை வெட்டி அடிப்பது), அதுவும் சின்னவளின் பலமான ஃபோர்ஹேண்ட் பக்கமே. பந்து தோள் உயரத்துக்கு எழும்பினால் அடித்து நொறுக்கும் பெண்ணுக்கு முழங்காலுக்குக் கீழே வரும் பந்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. மணிக்கட்டை முழுக்கத் திருப்பிப் பிடித்து அடிப்பவர்களுக்கு அது நரகம், பந்தைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். அப்புறம் இன்னும் குட்டையாக ஒரு ஸ்லைஸ். சின்னவள் வேறு வழியில்லாமல் வலைக்கு ஓடி வருவாள், தலைக்கு மேல் லாப் போகும். ஓர் அடிகூட டிவியில் மறு ஒளிபரப்பு செய்யத் தகுந்ததல்ல. ஆனால் ஓர் ஆட்டக்காரியைப் பிரித்துப் போட்டு அவளிடமே காட்டும் வேலை கண்முன் நடந்தது. இரண்டாவது செட் டை-பிரேக் வரை போயிற்று. பெரியவர் எழுதுவதை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் சின்னவளே ஜெயித்தாள். மாலையில் இரட்டையர் ஆட்டத்துக்குப் போனால் அதே இருவரும் வலைக்கு ஒரே பக்கம் நிற்கிறார்கள்! காலையில் தன்னைத் தோற்கடித்தவளையே ஜோடியாக்கிக்கொண்டிருக்கிறார் மூத்தவர். ஸ்லைஸை எப்படி எடுப்பது என்று இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அவளுக்குக் கையை அசைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். இதில் யாருக்காகப் பாவப்படச் சொல்கிறீர்கள்?

சென்னையில் மார்கழி சீசனில் சபாக்களின் மதியக் கச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா? டிக்கெட் கிடையாது. இருபது முப்பது பேர். பாடுபவர் பெயரை நோட்டீஸில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். அந்த இருபது பேரில் ஒருவர்கூட, இந்தப் பெண் மாலைக் கச்சேரிக்கு வரப்போவதில்லையே, எதற்கு இன்னும் பாடுகிறாள் என்று நினைப்பதில்லை. தோடி எப்படி இருந்தது என்று வாசலில் சண்டை போடுவார்கள், நிரவலில் எங்கே தடுமாறினாள் என்பார்கள். அந்தப் பேச்சு பாடகிக்குச் செய்யும் மரியாதை. மராத்தியப் பெரியவரின் நோட்டுப் புத்தகமும் அதேதான். பாவம் என்று சொல்லியிருந்தால் அவர் அந்தப் பெண்ணை அவமதித்திருப்பார்.

இப்போது, ஃபோன் வைத்திருந்த அந்த ஆள். உங்களுக்குக் காரணம் புரியவில்லை என்கிறீர்கள், எனக்குத் தெரியும். புனேவிலும் அப்படி இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பார்த்தது பணம் கட்டிய பந்தயம். நடுவர் நாற்காலியில் இருப்பவர் கையில் ஒரு கருவி வைத்திருப்பார், ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் அதில் தட்டுவார். சில நொடிகளில் அது உலகம் முழுக்க உள்ள சூதாட்டத் தளங்களுக்குப் போகும். அந்தச் சில நொடிகளை முந்துவதற்கென்று அரங்கில் ஆள் உட்கார்ந்து ஃபோனில் தகவல் அனுப்புவதுண்டு. பிடிபட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். இந்தச் சிறு ஆட்டங்களின் நேரலைப் புள்ளிவிவரத்தை விற்கத் தொடங்கியது ஐடிஎஃப்தான். டென்னிஸில் நடக்கும் மோசடிகளை ஆராய ஆடம் லூயிஸ் தலைமையில் ஒரு சுயேச்சைக் குழு அமைத்தார்கள். 2018இல் வந்த அதன் அறிக்கை, அடிமட்டப் போட்டிகளின் நேரலைத் தகவலை விற்பதை நிறுத்துங்கள் என்று பரிந்துரைத்தது. காரணம் எளிது. 150 டாலர் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிற பெண்ணிடம், இரண்டாவது செட்டில் ஒரு கேமை மட்டும் விட்டுக்கொடு, இத்தனை ஆயிரம் தருகிறேன் என்று சொல்ல ஆள் வந்துவிடுகிறான்.

விட்டுக்கொடுக்காதவளுக்கும் நிம்மதி கிடையாது. 2024ஆம் ஆண்டில் மட்டும் 458 ஆட்டக்காரர்களுக்குச் சமூக வலைத்தளங்களில் சுமார் 8000 வசைப் பதிவுகள் வந்தன என்று பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏவும் ஐடிஎஃபும் சேர்ந்து வெளியிட்டார்கள். அதில் 40 விழுக்காடு பந்தயத்தில் பணம் விட்டவர்கள் எழுதியவை. தனியாக வந்து, தோற்று, அறைக்குப் போய் ஃபோனைத் திறந்தால், எங்கோ இருக்கும் ஒருவன் அவள் அம்மாவைச் சேர்த்துத் திட்டியிருப்பான். உங்கள் முன் வரிசைக்காரர் வாயால் செய்ததை அவன் விரலால் செய்கிறான்.

ஆக, அந்தப் பெண்களை உலகமே பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அவள் கால் எங்கே நின்றது என்பது தேவையில்லை, காசு ஜெயித்ததா என்பதுதான் தேவை. உங்களைப் போன்றவர்கள் அங்கே உட்கார வேண்டும் என்று நான் முரட்டுத்தனமாகச் சொல்வது அதனால்தான். கோர்ட் ஓரத்தில் இருக்கும் இருபது பேரில் எதையும் எதிர்பார்க்காமல் ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்கிறவர் பத்துப் பேராவது இருக்க வேண்டும். நீங்கள் அதில் ஒருவராக உட்கார்ந்துவிட்டு, இவர்கள் எதற்கு ஆடுகிறார்கள் என்று கேட்டால் நான் என்ன செய்வது?

அடுத்த முறை தகுதிச்சுற்று நாளில் போங்கள். தரவரிசையில் பெயரே இல்லாதவர்கள் ஆடுவார்கள். கோர்ட்டின் நடுப்பக்கம் உட்காராமல் பின்கோட்டுக்குப் பின்னால் இடம் பிடியுங்கள், பந்து எவ்வளவு சுழல்கிறது, எவ்வளவு எழும்புகிறது என்பது அங்கேதான் தெரியும். தொப்பி, தண்ணீர் எடுத்துப் போங்கள். ஒற்றையர் முடிந்ததும் கிளம்பிவிடாமல் இரட்டையரும் பாருங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள். இந்த முறை ஒரு செட்டையாவது முழுக்கச் சொல்ல வேண்டும், எந்தக் கேமில் யார் என்ன மாற்றினார் என்பது உட்பட.

அன்புடன்