வயதான ஒருவர் தமக்கு மட்டும் தெரியும் காட்சிகளைச் சொன்னால், பழைய நண்பர்கள் அதை நம்ப வேண்டுமா?

கேள்வி கேட்டவர் தம் தந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். 75 வயதைக் கடந்த அவர், வீட்டுக்குள் யார் யாரோ வந்து போவதாகப் பழைய நண்பர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துச் சொல்கிறாராம். நண்பர்கள் பேச்சை மாற்றினால் அன்று முழுவதும் சாப்பிடாமல் படுத்துவிடுகிறாராம். அப்படிப் பேச்சை மாற்றிய நண்பர்களில் நானும் ஒருவன். கேள்வியில் உள்ளவருக்கு அல்ல, எங்கள் ஊரில் இன்னொருவருக்கு. அந்த இடத்திலிருந்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

1964-இல் காரைக்குடி அழகப்பா கல்லூரியில் பி.யூ.சி. சேர்ந்தபோது நாங்கள் நால்வரும் ஒரே விடுதி அறையில் இருந்தோம். எங்களுக்குள் ஊர்ப்பெயரே ஆளின் பெயராக இருந்தது: கானாடுகாத்தான், தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர். பள்ளத்தூர் நான். பிழைப்புக்காகத் திசைக்கொருவராகப் போய், ஓய்வு பெற்றபின் அவரவர் ஊருக்கே திரும்பிவிட்டோம். அதிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறன்று கானாடுகாத்தானின் வீட்டு முகப்பில் கூடுவது வழக்கமாயிற்று. அவனுடைய மனைவி இறந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மூத்த மகன் சிங்கப்பூரில், இளையவன் சென்னையில். தெருவுக்குத் தெரு நீளும் அந்த வீட்டில் அவனும் சமையலுக்கு வரும் ஓர் ஆச்சியும் மட்டுமே. இரண்டு கண்களிலும் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே வந்ததால், நேராகப் பார்க்கும் எதுவும் அவனுக்குப் புகைமூட்டமாகவே தெரியும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி ஞாயிறு. காபி குடித்து முடித்தபின், கணக்குச் சொல்வதைப் போலப் பதற்றமில்லாமல் அவன் சொன்னான்: விளக்கு வைக்கும் நேரத்தில் முகப்பிலிருந்து வளவு என்னும் நடு முற்றம் வழியாக இரண்டாங்கட்டுக்குச் சிறு உருவங்கள் வரிசையாகப் போகின்றன, திண்ணை உயரம்தான் இருக்கும், எல்லோர் தலையிலும் சிவப்புத் தலைப்பாகை, காலடிச் சத்தம்கூட இல்லை, ஒருவரும் அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சில நாள்களில் தரையில் இருக்கும் ஆத்தங்குடிக் கல்லின் பூக்கட்டம் சுவரில் ஏறி, தேக்குத் தூண்களைச் சுற்றி உத்தரம் வரை படர்ந்துவிடுகிறது. சொல்லி முடித்துவிட்டு, "நீங்க நம்புறீங்களாடா?" என்று கேட்டான்.

தேவகோட்டை உடனே, "படைப்புல ஏதோ குறை வச்சிட்டிங்க, முன்னோர் வந்து நிக்கிறாக" என்றான். ஆயுள் முழுவதும் மருந்துக் கடையில் நின்ற புதுவயல், "தூக்க மாத்திரையை நிறுத்து, எல்லாம் சரியாப் போகும்" என்றான். அவன் தூக்க மாத்திரை சாப்பிடுவதே இல்லை. நான் பேரனின் கல்லூரிச் சேர்க்கை பற்றிப் பேச ஆரம்பித்தேன். மூவரில் நான் செய்ததுதான் மோசமானது என்று இன்றும் நினைக்கிறேன். மற்ற இருவரும் தவறாகவேனும் ஒரு பதிலைச் சொன்னார்கள். நான் அவன் பேசாதது போல நடந்துகொண்டேன். தை மாதக் கூட்டத்துக்கு அவன் அழைக்கவில்லை. மாசியிலும் அழைக்கவில்லை.

பங்குனியில் நானாகவே புறப்பட்டுப் போனேன். கதவு திறந்திருந்தது. அவன் வளவுச் சுவரோரம் நின்று, உள்ளங்கையைச் சுவரில் பதித்து மெல்ல மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தான். சுண்ணாம்பை முட்டை வெள்ளைக்கருவோடு அரைத்துப் பூசிய பழைய சுவர். இத்தனை காலத்துக்குப் பின்னும் கண்ணாடிபோல வழுவழுப்பாக இருக்கும். "கண்ணுக்குக் கட்டம் கட்டமாத் தெரியுது. கைக்கு ஒண்ணுமில்ல, மொழுமொழுன்னு இருக்கு" என்றான். பிறகு ஒரு நீளக் கணக்கு நோட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தான். அவனுடைய அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாக் கடையில் கணக்கு எழுதியவர். 1942-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். மகனுக்குப் பேரேடு எழுதக் கற்றுக்கொடுத்தவர். அந்தக் கையெழுத்துப் பழக்கம் நோட்டில் அப்படியே இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி, அதன் கீழே தடித்த பேனாவால் பெரிய பெரிய எழுத்துகளில் தேதி, மணி, வெளிச்சம் எப்படி இருந்தது, என்ன தெரிந்தது, தொட்டபோது என்ன இருந்தது, எவ்வளவு நேரம், எப்படி மறைந்தது. கடைசியில் "சாட்சி" என்று ஒரு கட்டம். எல்லாப் பக்கங்களிலும் அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

பேய் பிடித்தவனோ புத்தி பேதலித்தவனோ தொட்டதற்கென்று தனியாக ஒரு கட்டம் போட்டு எழுதமாட்டான் என்று அப்போது தோன்றியது. மாதக் கடைசியில் ஐந்தொகை எடுப்பது போல அவன் தொகுத்தும் வைத்திருந்தான்: பெரும்பாலும் அந்தி நேரம், தனியாக அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது, சில நிமிடங்கள் மட்டும், விளக்கைப் போட்டாலோ கண்ணை இடமும் வலமும் வேகமாக அசைத்தாலோ மறைந்துவிடுகிறது. ஓரிடத்தில் மட்டும் கணக்கு நடையை விட்டு ஒரு வரி எழுதியிருந்தான்: "வந்தவர்களில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அவள் வரவில்லை."

பிள்ளைகளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேள்வி கேட்டவர் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்த வீடு பல பங்காளிகளுக்குப் பொதுவானது. தூண்களைக் கழற்றி விற்றுவிட்டு இடத்தைப் பங்கு பிரிக்கலாம் என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செட்டிநாட்டில் அப்படிப் போன வீடுகள் அநேகம். இவன் கையெழுத்துப் போட மறுத்துவந்தான். "அப்பச்சிக்கு உருவம் தெரியுதுன்னு ஒரு பேச்சுக் கிளம்பினாப் போதும், அப்புறம் என் கையெழுத்துக்கு என்னடா மதிப்பு?" என்றான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, ஒப்பந்தம் செய்யும் நேரத்தில் அதைப் புரிந்துகொண்டு தன் நன்மை தீமையைச் சீர்தூக்கிப் பார்க்க முடிகிறதா என்றுதான் கேட்கிறது. அந்தியில் தலைப்பாகை தெரிவதால் ஒருவன் அந்தத் தகுதியை இழந்துவிடுவதில்லை. ஆனால் ஊர்ப்பேச்சு சட்டப்பிரிவைப் படித்துவிட்டு நடப்பதில்லையே. பெற்ற பிள்ளைகள் அன்பினாலேயே சாவியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், வங்கிப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவனிடமிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இல்லாதவர்கள் பழைய நண்பர்கள் மட்டுமே. 17 வயதிலிருந்து அவன் பொய் சொல்லிப் பார்த்திராதவர்களும் நாங்களே. அதனால்தான் எங்களிடம் வந்தான்.

சித்திரையில் அவனை மதுரைக்கு அழைத்துப்போனேன். அதற்கு முன் பக்கத்து ஊர் மருத்துவர் ஒருவர், பேச்சை முழுதும் கேட்காமலே மனநோய்க்கான மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தார். அவன் அதை வாங்கவில்லை. மதுரையில் பார்த்த கண் மருத்துவர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தார். பிறகு, "ஐயா, தலைப்பாகையோட மடிப்புத் தெரியுதா?" என்று கேட்டார். "மடிப்பு, கரை, எல்லாம் தெரியுதும்மா" என்றான். எங்கள் முகம் அவனுக்குத் தெரிவதில்லை. குரலை வைத்துத்தான் யார் பேசுகிறோம் என்று கண்டுகொள்கிறான். இல்லாதவர்களின் தலைப்பாகை மடிப்பு மட்டும் துல்லியமாகத் தெரிகிறது. பார்வை குறைந்தவர்களுக்கு வரும் இந்தக் காட்சிகளில் அந்தத் துல்லியம் சாதாரணம் என்றும், இதற்கு சார்லஸ் போனே நோய்க்குறி என்று பெயர் இருக்கிறது என்றும் அவர் சொன்னார்.

அந்தப் பெயரின் பின்னால் இருக்கும் கதையும் ஒரு முதியவரை நம்பிய கதைதான். ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் சார்லஸ் போனே, கண்புரையால் பார்வை மங்கியிருந்த தம் தாத்தா சார்லஸ் லுலான் கண்ட காட்சிகளை 1760-இல் வெளியான தம் நூலில் பதிவு செய்தார். ஆண்கள், பெண்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் என்று பலவும் அந்தத் தாத்தாவுக்குத் தெரிந்தன. 90 வயதை நெருங்கியிருந்த அவருக்கு அறிவும் நினைவும் தெளிவாகவே இருந்தன. தெரிபவை உண்மையல்ல என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பேரன் அதை மூப்பின் உளறல் என்று தள்ளாமல், கேட்டு எழுதி வைத்தார். அந்தக் குறிப்பால்தான் கானாடுகாத்தானில் இருக்கும் ஒருவனுக்கு இன்று பதில் கிடைத்தது.

காரணத்தை மருத்துவர் எளிமையாக விளக்கினார். கண்ணிலிருந்து வரவேண்டிய செய்தி குறைந்துபோகும்போது, மூளையில் பார்வைக்கான பகுதி சும்மா இருப்பதில்லை. தானாகவே இயங்கிக் காட்சிகளை உண்டாக்குகிறது. காலை எடுத்தபின்னும் சிலருக்கு இல்லாத விரல் அரிக்கிறதே, அதைப் போன்றது. கட்டங்களும் பூவேலைப்பாடுகளும், விசித்திர உடையணிந்த சிறு மனிதர்களும் இதில் அடிக்கடி வருபவை, சத்தமே இருக்காது, வருபவர்கள் பெரும்பாலும் அறியாத முகங்கள். 1998-இல் லண்டனில் இத்தகையவர்களின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தபோது, நிறங்கள் தெரிந்தவர்களுக்கு நிறத்தை உணரும் பகுதியே இயங்கிக்கொண்டிருந்தது. ஆகவே, அவன் "பார்த்தேன்" என்று சொன்னது கற்பனை அல்ல. சுவரில் கட்டம் இல்லை என்பது எவ்வளவு உண்மையோ, அவன் அதைக் கண்டான் என்பதும் அவ்வளவு உண்மை. ஊர் திரும்பும் வழியில், திருப்பத்தூர் தாண்டியபின், "அப்ப நான் பார்த்தேன்தானடா" என்று மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் "பார்த்தாய்" என்றேன்.

உங்கள் தந்தைக்கும் இதுவேதான் என்று நான் சொல்ல முடியாது. உருவங்கள் பேசுகின்றன, மிரட்டுகின்றன என்று சொன்னாலோ, அவை உண்மை என்றே நம்பி அவற்றோடு நடந்துகொண்டாலோ, மறதி, கை நடுக்கம், நடைத் தளர்ச்சி ஆகியவை சேர்ந்திருந்தாலோ, பார்க்கின்சன் நோய் அல்லது லூயி பாடி வகை மறதிநோய் இருக்கிறதா என்று நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஓரிரு நாளில் திடீரெனத் தொடங்கிக் குழப்பமும் இருந்தால் தாமதிக்கவே கூடாது. முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று, உப்புச் சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவைகூட அப்படிச் செய்யும். பார்வை குறைந்தவர் என்றால் கண் மருத்துவரிடம் இந்தக் காட்சிகளைப் பற்றி வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பலர் பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி மறைத்துவிடுகிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் இவை எல்லாவற்றையும் மற்ற இருவருக்கும் சொன்னேன். தேவகோட்டை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குச் சத்தம் மட்டும் கேட்கும். விடியக்காலம் ஆச்சி வாசத் தெளிக்கிற சத்தம்" என்றான். அவன் மனைவி இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் யாரிடமும் அவன் இதைச் சொன்னதில்லை. இது கண்ணால் வரும் காட்சி வகையைச் சேர்ந்தது அல்ல, துக்கத்தோடு சேர்ந்தது. 1971-இல் வேல்ஸ் நாட்டு மருத்துவர் டேவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் பேசி எழுதிய கட்டுரையில், ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தவரைப் பார்த்ததாகவோ, கேட்டதாகவோ, அருகில் இருப்பதாக உணர்ந்ததாகவோ கூறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. முன்னோர் வந்து நிற்கிறார்கள் என்று தேவகோட்டை அன்று அவசரமாகச் சொன்னதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

புதுவயல் இன்றுவரை மருந்துகளைத்தான் சந்தேகிக்கிறான். அதில் கானாடுகாத்தானுக்கு வருத்தமில்லை. ஏனென்றால் இப்போது புதுவயல் கேள்வி கேட்கிறான்: எத்தனை பேர், எந்தப் பக்கம் போனார்கள், என்ன கரை. தந்தையின் நண்பர்களிடம் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதும் இதுதான் என்று நினைக்கிறேன். பேய் என்றோ பொய் என்றோ அவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், விவரம் கேட்கட்டும். அவர் சொல்வதை அவரே எழுதி வைக்க ஒரு நோட்டும் தடித்த பேனாவும் வாங்கிக் கொடுங்கள். சாவியையும் கையெழுத்தையும் அவரிடமே விட்டுவையுங்கள். கானாடுகாத்தான் ஆடி மாதத்தில், மருத்துவர் எழுதிக்கொடுத்த கடிதத்தையும் நோட்டையும் வைத்துக்கொண்டு தானே பிள்ளைகளிடம் சொன்னான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சிங்கப்பூர் மகன் முதலில் கேட்டது, "இவ்வளவு நாள் ஏன் சொல்லலை அப்பச்சி?" என்பதுதான்.

பலருக்கு இந்தக் காட்சிகள் ஒன்றிரண்டு ஆண்டுகளில் குறைந்துவிடும் என்றார் மருத்துவர். அவனுக்கும் குறைந்திருக்கிறது. ஆனால் போன ஐப்பசி ஞாயிறன்று, ஆறு மணியைத் தாண்டிச் சற்று நேரத்தில், பேச்சின் நடுவே கையை உயர்த்தி, "இப்ப வர்றாக" என்றான். நாங்கள் மூவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். வளவில் எங்களுக்குத் தெரிந்தது ஈரத் தரையும் துளசி மாடமும்தான். அவன் தாழ்ந்த குரலில் ஒவ்வொருவராக எண்ணினான். பதினொன்று வரை எண்ணினான். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். பிறகு எழுந்துபோய் விளக்கைப் போட்டான். நோட்டை எடுத்துத் தேதியும் மணியும் எண்ணிக்கையும் எழுதி, ஒன்றும் சொல்லாமல் எங்கள் பக்கம் நகர்த்தினான். புதுவயல்தான் முதலில் பேனாவை வாங்கினான். சாட்சி என்ற கட்டத்தில், "உடன் இருந்தேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டான்.