பூஞ்சையின் நிறமும் மரபணுவும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக ஆஸ்பெர்கில்லஸ் நிடுலன்ஸ் என்ற பூஞ்சையின் நிற மரபணுக்கள் இரண்டைக் குறிவைத்து கிரிஸ்பர் (மரபணுவை வெட்டித் திருத்தும் முறை) செய்தோம். பச்சையாக இருக்க வேண்டிய தட்டில் சில காலனிகள் வெள்ளை, ஒன்றிரண்டு மஞ்சள். வேறு பூஞ்சை கலந்துவிட்டதா?

பதில்: அவசரப்பட்டுத் தட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இதன் வித்துகளில் நிறம் இரண்டு கட்டமாக உருவாகிறது. டபிள்யூ-ஏ மரபணு தரும் நொதி முதலில் மஞ்சள் நிறமியைச் செய்கிறது. ஒய்-ஏ தரும் லாக்கேஸ் நொதி அதைப் பச்சையாக்குகிறது. ஒய்-ஏ மட்டும் கெட்டால் நிறம் மஞ்சளோடு நின்றுவிடும். டபிள்யூ-ஏ கெட்டால், ஒய்-ஏ நன்றாக இருந்தாலும் வெள்ளைதான். உங்கள் தட்டில் இரண்டுமே நடந்திருக்கலாம். பி.சி.ஆர். முறையில் அந்த மரபணுப் பகுதிகளைப் பல நகல்கள் எடுத்து, டி.என்.ஏ. வரிசையைப் படித்து உறுதி செய்யுங்கள்.

கேள்வி: சிவப்பு ஈஸ்ட் அரிசியில் நஞ்சு உண்டு என்கிறார்கள். அதற்கான மரபணுவை நீக்கினால் நிறமும் போய்விடாதா?

பதில்: போகாது. மொனாஸ்கஸ் பர்ப்யூரியஸ் பூஞ்சையைச் சோற்றில் வளர்த்துச் சீனாவில் பல நூற்றாண்டுகளாக இந்த அரிசியைத் தயாரிக்கிறார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினினை இந்தப் பூஞ்சையும் சுரக்கிறது என்பது 1995-இல்தான் தெரியவந்தது. நிறமிக்கும் சிட்ரினினுக்கும் மூலப்பொருள் ஒன்றுதான், ஆனால் தொடக்க நொதிகள் வேறு. அதனால் சிட்ரினினின் தொடக்க நொதியைத் தரும் பி.கே.எஸ்.சி.டி. மரபணுவை மட்டும் நீக்கினால் சிட்ரினின் உற்பத்தி நின்றுவிடும், சிவப்பு தங்கும். இன்னும் அடர்த்தியான சிவப்பு தரும் ரகத்தைத் தேடுவதைவிட இதுவே முதலில் செய்ய வேண்டிய வேலை என்பேன். இந்த அரிசி சேர்ந்த துணை உணவுகளில் கிலோவுக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் சிட்ரினின் இருக்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை.

அப்புறம் ஒன்று: சிட்ரினின் போனாலும் இந்த அரிசியில் மொனாகோலின் கே இருக்கலாம். கொலஸ்ட்ராலுக்குத் தரும் லோவாஸ்டாட்டினும் அதுவும் ஒன்றே. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையாக விழுங்காதீர்கள்.

கேள்வி: மரபணுவைத் தொடாமல் சிவப்பைக் கூட்ட முடியுமா?

பதில்: முடியும். மொனாஸ்கஸ் முதலில் செய்வது ஆரஞ்சு நிறமி. அதனுடன் அமினோ அமிலம் போன்றவை வினைபுரிந்தால் சிவப்பாகும். வளர்ப்புக் கரைசலில் நைட்ரஜனுக்காக அமினோ அமில உப்பான மோனோசோடியம் குளூட்டமேட் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: இருட்டில் வளர்த்த நியூரோஸ்போரா பூஞ்சையின் இழைகள் வெளுத்திருக்கின்றன. மரபணு கெட்டுவிட்டதா?

பதில்: இருட்டில் இழைகள் வெளுப்பது இயல்புதான். வெளிச்சத்தில் வையுங்கள், ஆரஞ்சு ஏறினால் சரி. இழை, வித்து இரண்டுமே வெள்ளையாக இருந்தால் ஏ.எல்-1 போன்ற, கரோட்டினாய்டு எனும் ஆரஞ்சு நிறமியை உருவாக்கும் மரபணுவில் பழுது. வித்துகள் ஆரஞ்சாகி இழைகள் மட்டும் வெள்ளையாகவே நின்றால், வெளிச்சத்தை உணரும் ஒயிட் காலர் மரபணுக்களைச் சோதியுங்கள்.