குடம் முரண்டு பிடிக்கிறது

வணக்கம் சார்,

பிரெஞ்சுத் தத்துவவாதி காஸ்தோன் பாஷ்லார் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதமாக அவரைத் தேடிப் படிக்கிறேன். தபால் குமாஸ்தா, பள்ளி வாத்தியார், கடைசியில் சோர்போன் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர்! எனக்கு வயது 41. அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். பதினாறு வருடமாக அதே பாடம், அதே சமன்பாடு, பையன்கள் செய்யும் அதே தப்புகள். இதிலேயே வீணாகிறேன் என்று தோன்றுகிறது. வேலையை விட்டுவிட்டுத் தத்துவத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேரலாமா? அவரும் 40 வயதுக்கு மேல்தானே வாங்கினார்? முன்பாதி அறிவியல், பின்பாதி கவிதை என்று அவர் மாறிவிட்டதாகச் சொல்வது சரியா? பின்னால் வந்த பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவுக்கு அவர் முன்னோடி என்கிறார்களே? முதலில் எந்தப் புத்தகம் படிப்பது? மனைவி தவறி நான்கு வருடமாகிறது. மகளைக் கிளப்பிவிட்டு நானும் கிளம்ப வேண்டும், அதனால் விடியற்காலையில்தான் படிக்க முடிகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

'அதே தப்புகள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாக நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கு வருகிறேன்.

முதலில் ஆள். 1884இல் ஷாம்பான் பகுதியில் பார்-சூர்-ஓப் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். ஆறும் ஓடையுமான நாடு. கடலை முதன்முதலாகப் பார்த்தபோது தனக்கு முப்பதை நெருங்கிவிட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். 19 வயதில் ரெமிர்மோன் ஊரில் தபால் வேலை. அப்புறம் பாரிஸில் அதே வேலை பார்த்துக்கொண்டே 1912இல் கணிதப் பட்டம். தந்தி இன்ஜினீயர் ஆக ஆசை. 1914 ஜூலையில் ஒரு பள்ளி ஆசிரியையைக் கல்யாணம் செய்துகொண்டார், ஆகஸ்டில் போர் வந்துவிட்டது. போர்முனையில் 38 மாதம். பதக்கத்தோடு திரும்பி வந்தவர் தந்தியை மறந்துவிட்டு, 1919இல் சொந்த ஊர்ப் பள்ளியில் இயற்பியலும் வேதியியலும் சொல்லித்தரச் சேர்ந்தார். அடுத்த வருடமே மனைவி இறந்துபோனார். கைக்குழந்தை சுசானுக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை.

அந்தப் பள்ளியிலேயே பதினோரு வருடம் இருந்தார். தத்துவ ஆசிரியர்களுக்கான தேசியத் தேர்வை 1922இல் முடித்தார், 1927இல் முனைவர் பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகும் மூன்று வருடம் அதே கரும்பலகை, அதே சோதனைக்குழாய். 1930இல் டிஜோன் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது 46 வயது. சோர்போன் வந்தது 1940இல். தத்துவம் படிக்க அவர் பள்ளி வேலையை விடவில்லை ஐயா. கையில் குழந்தையை வைத்துக்கொண்டு அவர் எங்கே விட?

இப்போது உங்கள் தப்புகளுக்கு வருவோம். 1938இல் 'அறிவியல் மனத்தின் உருவாக்கம்' என்ற புத்தகம் எழுதினார். அதன் முதல் அத்தியாயத்திலேயே வாத்தியார்களைப் பிடிபிடி என்று பிடிக்கிறார். ஒருவனுக்குப் புரியவில்லை என்பது ஏன் என்று அறிவியல் ஆசிரியர்களுக்குத்தான் மற்ற எல்லாரையும்விடப் புரிவதில்லை என்கிறார். பாடத்தை இன்னொருமுறை வரிக்கு வரி சொன்னால் ஏறிவிடும் என்று நினைக்கிறார்கள். பையன் காலி மண்டையோடு வகுப்புக்கு வருவதில்லை. வீட்டிலும் தெருவிலும் கட்டி எழுப்பிய ஒரு முழு இயற்பியலோடு வந்து உட்காருகிறான். அதை இடிக்காமல் மேலே ஒன்றும் கட்ட முடியாது. அறிவுக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் அறியாமை இல்லை, ஏற்கெனவே தெரிந்த ஒன்றுதான்.

அதற்கு அவர் தரும் உதாரணம் மிதக்கும் பொருள். ஒரு மரத்துண்டைத் தண்ணீருக்குள் அமுக்குகிறோம், அது எதிர்க்கிறது. எதிர்ப்பது மரம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். தண்ணீர் எதிர்க்கிறது என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அதைத் தோன்றவைக்காமல் ஆர்க்கிமிடீஸை நடத்தி என்ன பிரயோசனம்?

நான் இளமையில் இரண்டு வருடம் ஒரு டுடோரியலில் இயற்பியல் எடுத்தேன். வயிற்றுப்பாடு. பத்தாம் வகுப்பில் தவறியவர்கள்தான் மாணவர்கள். மிதத்தல் விதி நடத்திய அன்று மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், கிணத்துல காலிக் குடத்த அமுக்குனா குடம்தான முரண்டு புடிக்குது? தண்ணி சும்மாதான கெடக்கு?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "தண்ணியப் போய்க் கேளு" என்று சொல்லிவிட்டு விதியை மறுபடி பலகையில் எழுதி, ஐந்து முறை எழுதிவரச் சொன்னேன். எழுதி வந்தாள். பாஸும் ஆனாள். குடம்தான் முரண்டு பிடிக்கிறது என்று இன்றைக்கும் நம்பிக்கொண்டுதான் இருப்பாள்.

பத்துப் பதினைந்து வருடம் கழித்து ஆங்கிலம் வழியாக இந்தப் பக்கத்துக்கு வந்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஷாம்பானில் ஒரு பையன் மரத்துண்டை வைத்து யோசித்ததை அவள் குடத்தை வைத்துக் கேட்டிருக்கிறாள். அவர் அதைக் கேட்டு ஒரு தத்துவமே எழுதினார். நான் இம்போசிஷன் கொடுத்தேன்.

பதினாறு வருடமும் ஒரே தப்பு வருகிறது என்றால், அது ஒரு பையனின் மந்தபுத்தியாக இருக்க முடியுமா? வருடாவருடம் பையன்கள் மாறுகிறார்கள், தப்பு மாறவில்லை. அப்படியானால் தப்புக்கு ஒரு கட்டுமானம் இருக்கிறது. விறகு எரிந்தால் அதிலிருந்து ஏதோ போய்விடுகிறது, அதனால்தான் சாம்பல் லேசாக இருக்கிறது என்று உங்கள் பையன் யாராவது சொல்லாமல் இருந்திருக்க மாட்டான். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரிய பெரிய வேதியியலாளர்கள் அதையேதான் நம்பினார்கள். ஃப்ளோஜிஸ்டன் என்று பெயர் வைத்து நூல் நூலாக எழுதினார்கள். பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் வந்து தராசை நடுவில் வைக்கவேண்டியிருந்தது. அந்தக் காலத்துப் பழைய அறிவியல் நூல்களை மூட்டை மூட்டையாகப் படித்த பாஷ்லார், தன் வகுப்புப் பிழைகளையே அங்கேயும் கண்டார். உங்கள் முன்னால் தினமும் நாற்பது பேர் உட்கார்ந்து அந்த வரலாற்றை நேரடியாக ஒலிபரப்புகிறார்கள். நீங்கள் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, 'வீணாகிறேன்' என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். கோபம் வருகிறது எஸ்.

முன்பாதி அறிவியல், பின்பாதி கவிதை என்பது பாதி படித்தவர்கள் போட்ட பாகப்பிரிவினை. 'நெருப்பின் உளப்பகுப்பாய்வு' வந்ததும் அதே 1938தான். நீர், காற்று, மண் என்று கனவுகளை எழுதி முடித்த பிறகு 1953இல் மறுபடி வேதியியலுக்கு வந்து 'பகுத்தறிவுப் பொருள்முதல்வாதம்' எழுதினார். ஒரே மனிதர்தான். ஃபூக்கோவை விடுங்கள், பேரனின் புகழைச் சொல்லித் தாத்தாவுக்கு மரியாதை வாங்கித்தர வேண்டியதில்லை.

முனைவர் பட்டம்? சேருங்கள், சேராமல் இருங்கள். பகுதி நேரமாகவும் செய்யலாமே. சம்பளத்தை மட்டும் விடாதீர்கள், வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள்.

அந்தக் கைக்குழந்தை சுசான் என்ன ஆனார் தெரியுமா? அவரும் தத்துவம் படித்தார், ஜெர்மன் தத்துவவாதி ஹுசர்லின் நூலொன்றைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார், சோர்போனில் பேராசிரியர் ஆனார். 1962இல் அப்பா இறந்தபோது நெருப்பைப் பற்றிய ஒரு புத்தகம் முடியாமல் கிடந்தது. அந்தத் துண்டுகளைச் சேர்த்து 1988இல் வெளியிட்டார்.

படிக்க வேண்டியதும் நெருப்புதான். 1938இல் வந்த 'நெருப்பின் உளப்பகுப்பாய்வு' புத்தகத்திலிருந்து தொடங்குங்கள், சின்னதுதான். பாஷ்லாரின் சிறுவயதில் குளிர்காலப் பண்டிகை இரவில் அவருடைய அப்பா அகலத் தட்டில் சாராயம் ஊற்றி, நடுவில் சர்க்கரைக் கட்டிகளை வைத்துத் தீக்குச்சியைக் காட்டுவாராம். நீலச் சுடர் சர்க்கரையிலிருந்து சரசரவென்று கீழே இறங்கும். அம்மா விளக்கை அணைத்துவிடுவார். பதினெட்டு வயதுவரை தன் கையால் நெருப்பு மூட்டியதில்லை என்றும், தனியாக வாழ நேர்ந்த பிறகுதான் தன் அடுப்புக்குத் தானே எஜமானன் ஆனதாகவும் எழுதுகிறார். மனைவியைப் பற்றி அங்கே ஒரு சொல் கிடையாது. காலையில் நெருப்பு மூட்டுவதைத் தவறவிடுவதைவிட ஒரு தத்துவ வகுப்பைத் தவறவிடுவேன் என்றும் ஒரு வரி வரும். நீங்கள் விடிகாலையில் அடுப்பில் உலை வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

ஆங்கிலப் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது, முகவரி அனுப்புங்கள். ஓரமெல்லாம் என் கிறுக்கல், பொறுத்துக்கொள்ள வேண்டும். பதிலுக்கு, உங்கள் பையன்கள் இந்த வருடம் செய்த தப்புகளில் பத்தை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள். திருத்தாமல்.