பதில்: தினமும் கழுவியும் பாட்டில் மூடியில் கரும்புள்ளி

உறிஞ்சுகுழல் மூடி வச்ச தண்ணி பாட்டிலைத் தினமும் சோப்பு போட்டுக் கழுவியும் மூடியில் கறுப்பு வருதுன்னு எழுதியிருக்கீங்க. கோளாறு பாட்டில்ல இல்லீங்க, அந்த உறிஞ்சுகுழல் மூடியிலதான். மூடிக்குள்ள இருக்கிற ரப்பர் வளையத்தை ஊசியோட காதுப் பக்கத்தால நெம்பி எடுத்துப் பாருங்க. நான் முதல்தடவை எடுத்தப்போ அடியில கறுப்பா, வழவழன்னு ஒரு படலம். அதுவரைக்கும் அந்தத் தண்ணியத்தான் குடிச்சிருக்கேன்!

சோப்புத் தண்ணி அந்த இடுக்குக்குள்ள போகாது, ஈரமும் காயாது. பூஞ்சைக்கு வேறென்ன வேணும்?

இப்போதைக்கு வளையம், குழல் எல்லாத்தையும் கழற்றி, வினிகரும் தண்ணியும் சமபாகம் கலந்து அரைமணி நேரம் ஊறவைங்க. அப்புறம் மெல்லிய பிரஷ்ஷால தேய்ங்க. பிளீச்சிங் பவுடரோட வினிகரை மட்டும் சேர்த்துடாதீங்க, குளோரின் வாயு வரும். ரப்பர் மாதிரி இருக்கிற அந்த சிலிகான் வளையத்துல கறை ஊறிப்போயிருந்தா போராடாம வளையத்தை மாத்திடுங்க.

புதுசா வாங்குறதா இருந்தா கை உள்ளே போற அளவு வாய் அகலமான 304 தர (சாப்பாட்டுப் பாத்திரத்துக்குப் பயன்படுத்துற வகை) எவர்சில்வர் பாட்டில், சாதாரண திருகுமூடியோட வாங்குங்க. வளையம் கையால கழன்று வரணும், அதைக் கடையிலயே கழற்றிப் பார்த்துடுங்க. பொத்தான் அமுக்கினா திறக்கிற மூடிகள் பார்க்க அழகு, கழுவ நரகம்.

ராத்திரி மூடியைப் போடாம, பாட்டிலைக் கவிழ்த்து, அடியில காத்து போற மாதிரி கம்பித் தட்டுல வைங்க. எனக்கு இதுலதான் பெரிய வித்தியாசம் தெரிஞ்சுது.